உங்கள் தெருவில் போதைப்பொருள் விற்பனை: குடும்பத்தினருக்கான சிகிச்சை வழியும் சட்ட வழியும்

இப்பக்கம் யாருக்கானது?

போதைப்பழக்கத்திற்கு ஆளான ஒருவரைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும், சிகிச்சை பெற்று வீடு திரும்பியோருக்கும், தெருவில் நடைபெறும் போதைப்பொருள் விற்பனையால் பாதிக்கப்படும் குடியிருப்போருக்கும் இப்பக்கம் உதவும். இதில் கூறப்படும் அலுவலகங்கள் மாடம்பாக்கம் உள்ளிட்ட தாம்பரம் மாநகராட்சிப் பகுதியைச் சார்ந்தவை. சட்டப் பிரிவுகள் தமிழ்நாடு முழுமைக்கும் பொருந்தும்.

முக்கியக் குறிப்புகள்

• போதைப்பழக்கம் சிகிச்சையளிக்கத்தக்க ஒரு நோய். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டால் ஏற்படும் மனநலப் பாதிப்புகளையும் மனநோயின் வரையறைக்குள் சேர்த்துள்ளது.
• பயன்படுத்துபவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், சட்டம் அவருக்கு வரையறுக்கப்பட்ட பாதுகாப்பை அளிக்கிறது.
• விற்பனைக்கு இடந்தரும் கடை, வீடு, காலி மனை ஆகியவற்றின் மீது உரிமையியல், நிர்வாகச் சட்டங்களின் வழியே நடவடிக்கை கோரலாம்.
• எவரையும் துரத்திப் பிடிக்க வேண்டாம். கிடைக்கும் பொட்டலத்தைக் கையில் எடுக்க வேண்டாம்.

குடும்பங்கள் ஏன் மௌனமாக இருக்கின்றன?

தெரு முனையில் கஞ்சாவோ வலி நிவாரண மாத்திரைகளோ விற்கப்படுவதை முதலில் அறிபவர்கள் பெரும்பாலும் அவற்றைப் பயன்படுத்துவோரின் குடும்பத்தினரே. ஆயினும் புகார் அளிக்கக் கடைசி வரை தயங்குபவர்களும் அவர்களே. “புகார் கொடுத்தால் எங்கள் பிள்ளையும் வழக்கில் சிக்குவானோ?” என்ற அச்சமே இதற்குக் காரணம். அச்சம் இயல்பானது. எனினும், மௌனம் நீடிக்கும் காலம் முழுவதும் சிகிச்சை தள்ளிப்போகிறது; விற்பனையும் தொடர்கிறது. சிகிச்சை முடித்துத் திரும்புபவர் அதே தெரு முனையை நாள்தோறும் கடந்து செல்ல நேர்ந்தால், பழக்கம் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு அதிகம்.

எனவே இரண்டு செயல்களைத் தனித்தனியாகப் பிரித்துச் செய்யுங்கள். நோயுற்றவரைச் சிகிச்சையின் பக்கம் அழைத்துச் செல்வது ஒன்று. விற்பனை நடக்கும் இடத்தின் மீது நடவடிக்கை கோருவது மற்றொன்று. முன்னதைக் குடும்பமும் மருத்துவரும் செய்ய வேண்டும். பின்னதைத் தெருவாசிகள் கூட்டாகச் செய்வதே நன்று.

முதல் வழி: நோயுற்றவருக்கான சிகிச்சையும் சட்டப் பாதுகாப்பும்

போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985 (பொது வழக்கில் என்.டி.பி.எஸ். சட்டம்) போதைப்பொருளைப் பயன்படுத்துவதையும் குற்றமாகவே கருதுகிறது. அதே சட்டம் நோயுற்றவருக்கு மூன்று வாயில்களைத் திறந்து வைத்துள்ளது.

பிரிவு 64ஏ: பயன்பாட்டிற்காகவோ, சிறு அளவு தொடர்பான குற்றத்திற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட போதைநோயாளி, அரசு அல்லது உள்ளாட்சி அமைப்பு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அவ்வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை இடையில் கைவிட்டால் இவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம்.

பிரிவு 39: குற்றம் உறுதி செய்யப்பட்ட பின்னரும், பயன்பாடு அல்லது சிறு அளவு தொடர்பான வழக்குகளில், போதைநோயாளியை உடனடியாகச் சிறைக்கு அனுப்பாமல், அவரது ஒப்புதலுடன் சிகிச்சைக்காக விடுவிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

பிரிவு 71: போதைநோயாளிகளைக் கண்டறிந்து சிகிச்சையளிக்கவும் மறுவாழ்வு அளிக்கவும் மையங்களை அமைக்க அரசுக்கு இப்பிரிவு அதிகாரமளிக்கிறது.

‘சிறு அளவு’ என்பது பொருளுக்குப் பொருள் மாறுபடும். கஞ்சாவிற்கு 1 கிலோவிற்குக் குறைவானதும், ஹெராயினுக்கு 5 கிராமுக்குக் குறைவானதும் சிறு அளவாகும். கஞ்சா 20 கிலோவிற்கு மேல் இருந்தால் அது வணிக அளவு. அதற்குக் குறைந்தது 10 ஆண்டுகள் கடுங்காவல் தண்டனை உண்டு. சிறு அளவைத் தாண்டிய வழக்குகளுக்குப் பிரிவு 64ஏ பொருந்தாது. ஆகவே வழக்கு எதுவும் வருமுன்பே சிகிச்சையைத் தொடங்குவதே பாதுகாப்பானது. மருத்துவமனைப் பதிவுச்சீட்டு, மருந்துச்சீட்டு, ஆலோசனைக்கு வந்த தேதிகள் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் பாதுகாத்து வையுங்கள். பின்னாளில் தேவைப்பட்டால் சிகிச்சைக்குச் சான்றாக அவையே நிற்கும்.

மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல அஞ்ச வேண்டாம். நோயாளி பற்றிய தகவல்களை மந்தணமாகக் காக்கும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழங்குகிறது. சட்டம் அனுமதிக்கும் சில விதிவிலக்குகள் தவிர, அத்தகவலை மருத்துவமனை பிறருக்குத் தரலாகாது.

சிகிச்சை எங்கே கிடைக்கும்?

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையும், சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனையையும் அணுகலாம். 2025ஆம் ஆண்டில் ‘கலங்கரை’ என்னும் பெயரில் அரசு மருத்துவமனைகளில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மறுவாழ்வு மையங்கள் தொடங்கப்பட்டன. உங்களுக்கு அருகில் உள்ள மையத்தை 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்டறியலாம். தொண்டு நிறுவனங்களுள், 1980இல் தொடங்கப்பட்ட டி.டி.கே. மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் இயங்கி வருகிறது.

தனியார் மையம் எதிலும் சேர்க்கும் முன், அது மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்பதைக் கேளுங்கள். நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்நிலையிலும் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், பதிவு பெறாத காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் உயிரிழந்தனர். குடும்பத்தினரைச் சந்திக்கவே விடாத மையம், அடித்துத் திருத்துவதாகக் கூறும் மையம், வீட்டிற்கே வந்து வலுக்கட்டாயமாக ஏற்றிச் செல்லும் மையம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

மதுவையோ தூக்க மாத்திரைகளையோ நெடுங்காலம் பயன்படுத்தியவர் அவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு ஏற்படலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம். வீட்டில் அறையைப் பூட்டி வைத்து நிறுத்த முயல வேண்டாம். மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாக நிறுத்துவதே முறை.

மாத்திரைகளைக் கரைத்து ஊசி மூலம் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி மற்றும் சி ஆகியவற்றிற்கான பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

இரண்டாம் வழி: விற்பனை நடக்கும் இடத்தின் மீது நடவடிக்கை

குற்றவியல் சட்டம், செயலைச் செய்தவர் யார் என்று கேட்கிறது. உரிமையியல் மற்றும் நிர்வாகச் சட்டங்கள், இவ்விடம் பொதுமக்களுக்குத் தொல்லையாக இருப்பதற்கு யார் பொறுப்பு, அதை எவ்வாறு நீக்குவது என்று கேட்கின்றன. விற்பவர் ஒருவர் கைதானால் அவ்விடத்திற்கு மற்றொருவர் வரக்கூடும். இருண்ட சந்தில் விளக்கு எரிந்து, புதர் மண்டிய மனைக்கு வேலி அமைந்து, உடந்தையாக இருந்த கடையும் மூடப்பட்டால் அவ்விடத்தில் வணிகம் செய்வது கடினமாகிறது.

மாடம்பாக்கம் 2021 நவம்பர் 3 வரை தனிப் பேரூராட்சி. அதன்பின் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து உருவான தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாயிற்று. தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 முதல் செயல்படுகிறது. 2019 நவம்பர் முதல் இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. பழைய முகவரிக்கு அனுப்பப்படும் மனுக்கள் கைமாறிக் காலம் கடக்கும். ஆகவே கீழ்க்காணும் அலுவலகங்களுக்கு நேரடியாக அனுப்புங்கள்.

1. மாநகராட்சி. எரியாத தெருவிளக்கு, புதர் மண்டிய காலி மனை, ஏரிக்கரையில் குவியும் குப்பை, அனுமதியின்றி இயங்கும் கடை ஆகியவை குறித்து மாநகராட்சி ஆணையருக்கு மனு அளியுங்கள். பயன்படுத்திய ஊசிகள் கிடப்பது உடல்நலத்திற்குக் கேடான தொல்லை. அத்தகைய தொல்லைகளை அகற்றுமாறு இடத்தின் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939 சுகாதார அலுவலருக்கு அதிகாரம் அளிக்கிறது. பகுதி சபைக் கூட்டங்களில் இதைப் பொருளாக முன்வையுங்கள்; கோரிக்கை கூட்டக் குறிப்பில் பதிவாவதை உறுதி செய்யுங்கள்.

2. வருவாய்க் கோட்டாட்சியர். பொது இடத்தில் ஏற்படும் தொல்லையையும், சமுதாயத்தின் உடல்நலத்திற்குக் கேடு விளைவிக்கும் தொழிலையும் நீக்குமாறு நிபந்தனை ஆணை பிறப்பிக்கச் செயல்துறை நடுவருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக உள்ளது. காவல் அறிக்கையின் பேரில் மட்டுமன்றி, பொதுமக்கள் தரும் தகவலின் பேரிலும் நடுவர் செயல்படலாம். எதிர்த்தரப்பினர் தம் விளக்கத்தைக் கூறவும் வாய்ப்பு அளிக்கப்படும். இப்பழைய பிரிவின் வலிமையை 1980ஆம் ஆண்டின் இரத்லாம் நகராட்சி வழக்கு காட்டியது. திறந்த சாக்கடைத் தொல்லையை நீக்கக் கோரி மக்கள் தொடுத்த அவ்வழக்கில், நிதியில்லை என்பதைக் காரணங்காட்டி நகராட்சி தன் கடமையிலிருந்து விலக இயலாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

3. உரிமையியல் நீதிமன்றம். உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908இன் 91ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லைக்கு எதிராக இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் நீதிமன்ற அனுமதியுடன் வழக்குத் தொடுத்துத் தடையாணை கோரலாம். தமக்கெனத் தனி இழப்பு ஏற்பட்டிருக்க வேண்டியதில்லை. இவ்வழி காலம் எடுக்கும். மற்ற வழிகள் பலனளிக்காதபோது இதைக் கையாளலாம்.

4. வீட்டு உரிமையாளர். தம் வீடோ கடையோ போதைப்பொருள் குற்றத்திற்குப் பயன்படுவதை அறிந்தே அனுமதிக்கும் உரிமையாளருக்கு என்.டி.பி.எஸ். சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. இதை எடுத்துக் கூறினாலே பல உரிமையாளர்கள் விழிப்படைவர். எனினும் பயன்படுத்துபவர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காகக் குடும்பத்தையே வீட்டைக் காலி செய்யுமாறு வற்புறுத்துவது சரியன்று. அது நோயுற்றவரைச் சிகிச்சையிலிருந்து மேலும் விலக்கும்.

5. மருந்துக் கடையும் பெட்டிக் கடையும். டயஸிபாம், நைட்ரஸிபாம், அல்பிரஸோலாம் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது. இவை அடங்கிய எச்1 பட்டியல் மருந்துகளின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அப்பதிவேட்டை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மீறும் கடை பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் புகார் அளிக்கலாம். குட்கா விற்கும் கடை பற்றி உணவுப் பாதுகாப்புத் துறையிடம் கூறலாம். கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜத்திற்குள் புகையிலைப் பொருள்களை விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது.

காவல் துறைக்குத் தகவல் தருவது எப்படி?

விற்பனை, பதுக்கல், கடத்தல் ஆகியவை காவல் துறையின் பொறுப்பு. தகவல் எங்கிருந்து கிடைத்தது என்பதைக் கூறுமாறு அதிகாரியை எவரும் கட்டாயப்படுத்த இயலாது என்று என்.டி.பி.எஸ். சட்டத்தின் 68ஆம் பிரிவு கூறுகிறது. மறுபுறம், வேண்டுமென்றே தீய நோக்குடன் பொய்த் தகவல் தந்து, அதனால் ஒருவர் கைதாகவோ சோதனைக்கு உள்ளாகவோ நேர்ந்தால், 58ஆம் பிரிவின்படி 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். தனிப்பட்ட பகையையோ வாடகைத் தகராற்றையோ தீர்க்க இவ்வழியைப் பயன்படுத்தலாகாது.

நீங்கள் கண்டதை மட்டும் எழுதுங்கள்:

• எந்த இடம், எந்த நாள், எந்த நேரம்.
• என்ன நடந்தது: வண்டி வந்து நின்றது, பொட்டலம் கைமாறியது போன்றவை.
• வாகன எண், தெரிந்தால்.
• பள்ளிச் சிறுவர்கள் வந்து செல்கின்றனரா?
• இதற்கு முன் அளித்த மனுக்களின் தேதியும் ஒப்புகை எண்ணும்.

ஒருவர் பெயரில் மட்டும் மனு இருப்பதைவிட, குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில் பலர் கையெழுத்துடன் இருப்பது பாதுகாப்பானது. பராமரிக்கும் குடும்பத்தினர் இதில் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை.

செய்யக்கூடாதவை

• பொட்டலத்தைக் கைப்பற்ற வேண்டாம். சட்டத்தின் பார்வையில் அது உங்கள் வசம் இருந்ததாகக் கருதப்படலாம். இடத்தைக் குறித்துக்கொண்டு காவல் துறையை அழையுங்கள்.
• விற்பவரையோ பயன்படுத்துபவரையோ அடிப்பதும் கட்டி வைப்பதும் குற்றம்.
• சிறுவர்களின் படத்தையோ காணொளியையோ வாட்ஸ்அப் குழுக்களில் பகிர வேண்டாம். வழக்கில் தொடர்புடைய சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 74ஆம் பிரிவு தடை செய்கிறது.
• பயன்படுத்துவோரின் பெயர்ப் பட்டியலைத் தெருவில் தயாரிக்க வேண்டாம். பட்டியலில் இடம்பெற்றவர் மருத்துவமனைக்கு வர மாட்டார், ஒளிந்துகொள்வார்.

மக்கள் துணையுடன் காவல் பணி ஆற்றுவதற்குத் தமிழ்நாட்டில் முன்வரலாறு உண்டு. 1993இல் இராமநாதபுரத்தில் தொடங்கிய ‘காவல் நண்பர்கள்’ இயக்கம் மாநிலம் முழுவதும் பரவியது. சாத்தான்குளம் காவல் மரணங்களைத் தொடர்ந்து, 2020 ஜூலையில் அதற்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. தகவல் தருவதும் நடவடிக்கையைத் தொடர்ந்து கோருவதும் மக்களின் பங்கு. சோதனை, கைது, விசாரணை ஆகியவை சட்டப்படி அதிகாரம் பெற்றோருக்கு மட்டுமே உரியவை.

இவ்வழி பலன் தருமா?

அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் 1988 முதல் காவல் துறையினரும் கட்டட, சுகாதார ஆய்வாளர்களும் இணைந்து, போதைப்பொருள் விற்கப்படும் இடங்களின் உரிமையாளர்கள் மீது உரிமையியல் நடவடிக்கை எடுத்தனர். 100 தெருப் பகுதிகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வில், இம்முறை கையாளப்பட்ட குடியிருப்புப் பகுதிகளில் போதைப்பொருள் பற்றிய அழைப்புகள் குறைந்தமை தெரியவந்தது. அதே வேளையில், உரிமையாளர்கள் வாடகைதாரரை வெளியேற்றுவதையே எளிய தீர்வாகக் கொள்ளும் குறையும் அம்முறையில் காணப்பட்டது. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொல்லை தரும் இடத்தை நீதிமன்றம் முதலில் 3 மாதங்கள் வரை மூடலாம். காலவரையறை இருப்பதால் அவ்வாணை மறுஆய்வுக்கு உட்படுகிறது.

இடத்தின் மீதான நடவடிக்கை விற்பனையை அடுத்த தெருவிற்கு நகர்த்தவும் கூடும். வாங்குவோரின் எண்ணிக்கை குறைந்தால்தான் மாற்றம் நிலைக்கும். சிகிச்சை வழியும் சட்ட வழியும் ஒருங்கே நடைபெற வேண்டும் என்பது இதனாலேயே.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகனுக்கு 16 வயது. விற்பவர் அவனையே பொட்டலம் கொண்டு செல்லப் பயன்படுத்துகிறார். என்ன செய்வது?

சிறாரைப் போதைப்பொருள் விற்கவோ கொண்டு செல்லவோ பயன்படுத்துபவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சிறாருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கும் 77ஆம் பிரிவில் இதே அளவு தண்டனை உள்ளது. 1098 என்ற எண்ணை அழையுங்கள். இலவச சட்ட உதவி வழக்கறிஞரையும் உடனே அணுகுங்கள்.

வழக்கறிஞருக்குக் கட்டணம் செலுத்த வசதியில்லை. என்ன செய்யலாம்?

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர், காவலில் உள்ளோர் உள்ளிட்டோருக்குச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987 இலவச சட்ட உதவி வழங்குகிறது. தாய் ஒருவர் தாமே மனுதாரராக விண்ணப்பித்தால் அவரது வருமானம் கணக்கில் கொள்ளப்படாது. அழைக்க வேண்டிய எண் 15100.

சிகிச்சை முடித்தவர் மீண்டும் பயன்படுத்திவிட்டார். எல்லாம் வீணா?

இல்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்று இதுவும் மீண்டும் தலைதூக்கக்கூடிய நாட்பட்ட நோய். திட்டித் துரத்தாமல், அதே வாரத்தில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சில வாரங்கள் நிறுத்தியிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது என்பதால் இக்காலத்தில் அபாயம் மிகுதி.

உடனடி உதவி தேவைப்படும் அறிகுறிகள்

அழைத்தும் எழாமை, மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வருதல், உதடும் நகமும் நீலமாதல், கண்பாவை ஊசிமுனை போல் சுருங்குதல், வலிப்பு ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் உடனே 108ஐ அழையுங்கள். அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். என்ன உட்கொண்டார் என்பதை மருத்துவக் குழுவினரிடம் மறைக்காமல் கூறுங்கள். வழக்கு வருமோ என்ற எண்ணத்தில் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

உதவி எண்கள்

• 108 – அவசர ஊர்தி
• 104 – மருத்துவ ஆலோசனை
• 14446 – தேசிய போதை மீட்பு உதவி எண்
• 14416 – டெலி மானஸ், மனநல ஆலோசனை
• 1933 – மானஸ், போதைப்பொருள் விற்பனை பற்றிய தகவல்
• 10581 – மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு
• 1098 – குழந்தைகள் உதவி எண்
• 15100 – இலவச சட்ட உதவி
• 1100 – முதலமைச்சரின் உதவி மையம்

டெலி மானஸ், மானஸ் ஆகிய பெயர்கள் ஒத்திருந்தாலும் பணிகள் வேறு. ஆலோசனைக்கு 14416, விற்பனை பற்றிய தகவலுக்கு 1933.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விளக்கத்திற்கானவை. உங்கள் சூழ்நிலைக்கு உரிய மருத்துவ ஆலோசனையை மருத்துவரிடமும், சட்ட ஆலோசனையைச் சட்ட உதவி மையத்திலும் பெற்றுக்கொள்ளுங்கள்.